பிள்ளை எண்டால் என்ன பிள்ளை?

பிங்க் இல்லை. நீலமும் இல்லை. ரெண்டையும் விட்டாச்சு, பிள்ளை. மஞ்சள் வேணுமெண்டால் தாறன், பச்சை தாறன், மாம்பழக் கலர் கேட்டாலும் அடிச்சுத் தாறன்… வயித்துக்குள்ள இருக்கிறது என்ன பிள்ளை எண்டு வெட்டிப் பாக்கிற உந்தக் கேக் மட்டும் இனி இந்தக் குசினியில இல்லை. முருகன் வந்து நிண்டு கேட்டாலும் இல்லை. அவருக்கென்ன, ஆறு முகத்தோட வந்தவர், ஸ்கானில பாத்திருந்தால் ஸ்கான் எடுக்கிற பெட்டை மயங்கி விழுந்திருப்பாள்.

இரும், இரும். அந்தக் கதிரை வேண்டாம், ஐசிங் சீனி கொட்டிக் கிடக்கு. இதில இரும். போனைப் பேந்து காட்டும், என்ன அவசரம்? வெளியில கொட்டுது. வெளிநாடு எண்டுதான் பேர், இந்த மவுண்ட் ரோஸ்கில்லில மழைக்கு பஸ்ஸும் வராது, வந்தாலும் நிக்காது.

நீர் இந்தியாவோ? தெரியுது. "ஆன்ட்டி, ஒரு நிமிஷம்" எண்டீர் எல்லே, அந்த நிமிஷத்திலயே பிடிச்சிட்டன். எனக்கு உங்கட தமிழ் வடிவா விளங்கும். எங்கட நாட்டுச் சண்டை நேரம் திருச்சியில நாலு வருசம் இருந்தனாங்கள். வீட்டுக்கார அம்மா கும்பகோணப் பக்கம். அவவுக்கு மூண்டு பிள்ளை, ஒரு பொண்ணு. மூண்டு பிள்ளையளும் வீட்டுக்காக அடிபட்டு, கடைசியில அந்தப் பொண்ணுதான் மனுசிக்குக் கஞ்சி ஊத்தினது… அதை விடும். என்ன சொல்ல வந்தனான்? ஓம், மரகதம் அக்கா.

மரகதம் அக்காவைத் தெரியாதே? தலையாட்டுறீரோ, மழைத் தண்ணியை உதறுறீரோ? சரி, தெரியாட்டில் நல்லது. தெரியாத ஆளிட்டத்தான் இதைச் சொல்லலாம். தெரிஞ்ச ஆளுக்குச் சொன்னால் அது கோயிலுக்குப் போய், அங்கால மெல்பேணுக்குப் போய், பேந்து எனக்கே புதினமாத் திரும்பி வரும்.

அவவும் கும்பகோணம். மகன் சரத், இஞ்ச கொம்பியூட்டர் வேலை. மருமகள் அஸ்வினி. இதுதான் முதல் பிள்ளை. பிள்ளைப்பேறு பாக்க எண்டு விசிட்டர் விசாவில வந்து நிக்கிறா, எங்கட வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி. வந்த நாளில இருந்து மாமிக்கும் மருமகளுக்கும் என்ன கதை எண்டு நினைக்கிறீர்? "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன் அத்தை." முடிஞ்சுது. சண்டை இல்லை. சண்டை இருந்தாலாவது நாலு சொல்லு கூடக் கதைச்சிருப்பினம்.

அஸ்வினிக்கு உள்ளுக்க ஒரு பயம். என்னட்டச் சொல்லி அழுதவள். அவளின்ர தாய்க்கு ரெண்டும் பொம்பிளைப் பிள்ளையள். ரெண்டாவதும் பெட்டை எண்டவுடன தேப்பன் வீட்டாக்கள் ஒருத்தர் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பாக்கேல்லையாம். ஒரு பழம் வாங்கிக்கொண்டு வரேல்லை! அந்தப் பச்சை மண் என்ன பாவம் செய்தது, சொல்லும் பாப்பம்? அதை நினைச்சு நினைச்சு இவளுக்குப் பெட்டைதான் வேணும். தூக்கிக் கொண்டாட வேணும். ஆனால் மாமி முகத்தைச் சுழிச்சால்? அந்தப் பயம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். கோயிலில வைச்சு அவளின்ர வயித்தைப் பாத்தன். நல்ல அகலம். "பொம்பிளைப் பிள்ளைதான், பாத்துக்கொண்டிரும்" எண்டன். என்ர வாய் பிழைக்காது. கோயிலுக்கு வாற நிலானிக்குச் சொன்னன், சரி. அவளின்ர மச்சாளுக்குச் சொன்னன், அதுவும் சரி. எனக்கு மட்டும் ரெண்டு தரமும் பிழைச்சது. சொந்த வயிறு கணக்கில இல்லை.

ஆ, ஸ்கான். நியூ லின் பக்கம் ஒரு இடம். உமக்குத் தெரியும்தானே, உங்கட ஊரில வயித்துப் பிள்ளை என்ன எண்டு கேட்டால் குற்றம், சொன்னாலும் குற்றம், போர்ட் மாட்டி வைச்சிருப்பினம். இஞ்ச என்னடா எண்டால், "சொல்லட்டோ, வேண்டாமோ" எண்டு ஸ்கான் எடுக்கிறவளே கேக்கிறாள், தேத்தண்ணிக்குச் சீனி போடட்டோ எண்டு கேக்கிற மாதிரி! அஸ்வினி சொன்னவளாம், "எங்களுக்கு வேண்டாம், அத்தைக்கு மட்டும் சொல்லுங்க, நாங்க கேக் வெட்டித் தெரிஞ்சுக்கறோம்" எண்டு. மாமிக்கு மரியாதை குடுக்கிறாளாம், பாவம். சொல்லிப்போட்டுக் கக்கூசுக்கு ஓடியிருக்கிறாள், அவ்வளவு தண்ணியெல்லே குடிக்கச் சொல்லுறவை. சரத் ஹான்ட்பாக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால.

ஸ்கான் பெட்டை திரையில அம்புக்குறி வைச்சு, மாமிக்குக் காட்டிச் சொல்லியிருக்கிறாள். மரகதம் அக்கா உடன திரும்பிப் பாத்தது என்னத்தை? கதவை! பொலிஸ் நிக்குதோ எண்டு! "எழுதித் தரட்டோ" எண்டு கேட்டாளாம். "நோ நோ! நோ ரைட்டிங்!" எழுத்தில இருந்தால் சாட்சியாப் போயிடுமாம்.

அப்ப எனக்கு எப்பிடிச் சொல்லுறது? கேக் அடிக்கிறது நானெல்லே. ஸ்கான் முடிஞ்சு ஷொப்பிங் மோலில மகனும் மருமகளும் சிப்ஸ் வாங்க நிக்கினம், இவ லேடீசுக்குள்ள பூந்து கதவைப் பூட்டிப்போட்டு எனக்குப் போன். குரலே இல்லை, காத்துத்தான் வருது. "ரதி… பிள்ளைதான்." நான் "என்னக்கா?" எண்டன். "பிள்ளை. பிள்ளைதான். புரிஞ்சுதா?" பின்னால ஃப்ளஷ் அடிக்கிற சத்தம், குற்றாலம் மாதிரி. "ஓம் ஓம், விளங்கிச்சு" எண்டன். வைச்சிட்டா.

நீரே சொல்லும். நீர் வந்து இருந்த நேரம் தொட்டு நான் உம்மை என்னண்டு கூப்பிடுறன்? பிள்ளை எண்டெல்லே? நீர் என்ன பெடியனோ? உம்மட இடத்தில ஒரு பெடியன் நிண்டால் தம்பி எண்டிருப்பன். தம்பி எண்டால் பெடியன், பிள்ளை எண்டால் பெட்டை. சின்னக் குழந்தைக்கும் தெரியும்! அடிச்சன் பிங்க். அப்பிடி ஒரு பிங்க் உம்மட வாழ்க்கையில கண்டிருக்க மாட்டீர்.

சனிக்கிழமை அவையின்ர வீட்டில பார்ட்டி. கேக்கைக் கொண்டுபோய் வைச்சிட்டு நானும் நிண்டன். வெட்டினவை. பிங்க்! "ஓ" எண்டு ஒரு சத்தம்… ஆனால் கேக்கை ஒருத்தரும் பாக்கேல்லை, பிள்ளை. அங்க நிண்ட அவ்வளவு சனமும் திரும்பிப் பாத்தது மரகதம் அக்காவின்ர முகத்தை. நானும் பாத்தன். பொய் சொல்லக் கூடாது, எல்லாருக்கும் முதல் நான்தான் பாத்தன். மனுசி வாயைத் திறந்தது திறந்தபடி. சரி, உடைஞ்சு போச்சு, பேரன் எண்டு கனவு கண்டிருக்கும், இப்ப முகத்தைத் தூக்கப் போகுது எண்டு நினைச்சன்.

மனுசி என்னைப் பாத்தா. கேக்கைப் பாத்தா. அஸ்வினியைப் பாத்தா. அவள் கத்தியைப் பிடிச்சுக்கொண்டு, அழவோ சிரிக்கவோ எண்டு தெரியாமல் மாமியையே பாத்துக்கொண்டு நிக்கிறாள்.

பிறகு கையைத் தட்டினா பாரும்! சீலையைத் தூக்கிச் செருகிப்போட்டு ஆடத் தொடங்கினா! முழங்காலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு படுக்கிற மனுசி, சோபாவைச் சுத்திச் சுத்தி ஆடுறா! "மகாலட்சுமி வந்துட்டா, எங்க வீட்டுக்கு மகாலட்சுமி வந்துட்டா!" எண்டு கத்துறா. ஆதவன் எண்டு அங்க ஒரு பெடியன், வீடியோ எடுத்தவன், போனைக் கீழ போட்டிட்டான். அஸ்வினி ஓடி வந்து கட்டிப் பிடிச்சு, "அத்தை, உங்களுக்கு வருத்தமா இருக்கும்னு எவ்வளவு பயந்தேன் தெரியுமா" எண்டு ஒரே அழுகை. எனக்கும் கண்ணால வந்திட்டுது. நல்லா இருந்தது. நான் அடிச்ச பிங்க்தானே எண்டு ஒரு பெருமையும்.

அடுத்த நாள் விடிய, கதவில டம் டம் எண்டு அடி. திறந்தால், குடையும் இல்லாமல் நனைஞ்சுகொண்டு மரகதம் அக்கா. "ஏன் ரதி இப்படிப் பண்ணினே? நான் பிள்ளைன்னு தானே சொன்னேன்!" "ஓம், நானும் பிள்ளை எண்டுதானே பிங்க் அடிச்சன்!" "பிள்ளைன்னா ஆம்பளைடி! கல்யாணத்துல பிள்ளை வீடு, பொண்ணு வீடுன்னு சொல்றதில்லையா?" "எங்கட ஊரில மாப்பிளை வீடு, பொம்பிளை வீடு!" "நான் என் கண்ணால பாத்தேன்! அம்புக்குறி போட்டுக் காட்டினா!" "என்னத்தைக் காட்டினவள்?" "குஞ்சாமணியை!"

என்ர மனுசன் சோதிலிங்கம் குசினிக்குள்ள வந்தவர் அப்பிடியே திரும்பிப் போயிட்டார்.

"அப்ப அங்கயே சொல்லியிருக்கலாமே அக்கா" எண்டன். அதுக்கு அவ சொன்னது சரி. கேக்கை வெட்டிப் பிங்க் வந்த பிறகு, "இல்லை இல்லை, ஆம்பளைதான்" எண்டு மாமியார்க்காரி கத்தினால் பாக்கிற சனம் என்ன சொல்லும்? பெட்டை எண்டதைத் தாங்கேலாமல் மனுசி கேக்கோட சண்டை பிடிக்குது எண்டெல்லே சொல்லும்! அதுதான் ஆடியிருக்கிறா. பேரன் எண்டு தெரிஞ்சுகொண்டு பேத்திக்கு ஆடியிருக்கிறா.

இப்ப நிலைமை என்ன தெரியுமே? அஸ்வினி மாமியின்ர மடியில தலை வைச்சு டிவி பாக்கிறாளாம். அவ குழைச்சுக் குடுத்தால்தான் சோறு இறங்குதாம். "அத்தை, அத்தை" எண்டு வீடு முழுக்க அத்தை. கும்பகோணத்தில சொல்லிப் பட்டுப்பாவாடையும் வந்திட்டுது. மரகதம் அக்கா அதை மடிச்சு வைச்சுப்போட்டு இஞ்ச வந்து அழுறா. "என் சொந்தப் பொண்ணு மாதிரி ஒட்டிக்கிட்டா ரதி. உண்மை தெரிஞ்சா, அந்த ஆட்டமும் நாடகம்னு நினைச்சு விலகிடுவாளோ?"

சோதிலிங்கம் ஈஸ்ட் டாமாக்கியில வெயர்ஹவுசில வேலை. அவரிட்ட ஒரு யோசினை கேட்டன். பெட்டிக்கு மேல ஒண்டு எழுதி, உள்ளுக்க வேறொண்டு இருந்தால் திருப்பி அனுப்பலாமாம். பிள்ளையை என்னண்டு திருப்பி அனுப்பிறது? ஆரிட்ட? உந்த மனுசனிட்டக் கேட்டனே, என்னைச் சொல்ல வேணும்.

இன்னொரு ஸ்கான் வேற இருக்கு. அதுக்குத்தான் மரகதம் அக்கா இப்ப என்னட்ட இங்கிலீசு படிக்கிறா. "ப்ளீஸ் சே பேபி. நோ ஹீ. நோ ஹிம்." நாள் முழுக்க இதுதான். தோசை சுட்டுக்கொண்டும் நோ ஹீ, பூப்பிடுங்கிக்கொண்டும் நோ ஹிம். இதைச் சொல்லி முடிக்க முன்னமே அங்க நிக்கிற அவ்வளவு பேருக்கும் விளங்கிப் போடும், உள்ளுக்க இருக்கிறது ஹீ எண்டு!

இது எனக்கும் அவவுக்கும் சோதிலிங்கத்துக்கும், இப்ப உமக்கும் மட்டும்தான் தெரியும். ஒருத்தருக்கும் மூச்சு விட்டிடாதையும். அதாலதான் சொல்லுறன், பிங்கும் வேண்டாம், நீலமும்…

ஏன் எழும்பிறீர்? போனையோ? சரி காட்டும், காட்டும். என்ர கண்ணாடி எங்க… நெத்தியிலயோ. ம். "வட்ட கேக். நீல கலர்." பாரும், இவ்வளவு நேரமும் ஆருக்குக் கதைச்சனான்? சுவருக்கோ? "மேல எழுத வேண்டியது…" என்ன எழுத? "பொண்ணுக்காக ஆடின… எங்க அத்தைக்கு… பிள்ளைதான்."

…

ஆர் நீர்?

மஹதியோ. அஸ்வினியின்ர… தங்கச்சி. ஹாமில்டனில படிக்கிற, பார்ட்டிக்கு வரேலாமல் போன… அந்த ரெண்டாவது… ஐயோ. ஐயோ பிள்ளை. ஆஸ்பத்திரிக்கு வராத கதையெல்லாம் உம்மட முகத்துக்கு நேர கதைச்சுப் போட்டனே. நீரெண்டாலும் வாயைத் திறந்து… ஓம், ஓம், நான் எங்க திறக்க விட்டனான்.

மற்ற ஸ்கானும் முடிஞ்சுதே? எப்ப? செவ்வாய்க்கிழமையோ! மாமியை வீட்டில விட்டிட்டு, நீங்கள் ரெண்டு பேரும்… ஸ்கான் பெட்டை "ஹீ" எண்டிட்டாளோ. ம். அஸ்வினி அழுதவளோ? … சிரிச்சவளோ! … பேந்து கார் பார்க்கில இருந்து அழுதவள். என்னண்டு? "அத்தைக்கு அப்பவே தெரியும்… தெரிஞ்சும் எனக்காக ஆடினாங்க" எண்டோ.

பொறும், கண்ணாடியைத் துடைக்கிறன். எனக்கு அழுகை வருது பிள்ளை, ஒரு பகிடியும் இல்லை. அந்த மனுசி இஞ்ச இருந்து எவ்வளவு பயந்தவ தெரியுமே. நாளைக்கு இந்தக் கேக்கைப் பாத்தால் எந்த முழங்காலோட ஆடப் போறாவோ.

அவவில ஒரு பிழையும் இல்லை. நான் முதலே சொன்னனான் எல்லே, திருச்சி வீட்டுக்கார அம்மாவுக்கு மூண்டு பிள்ளை, ஒரு பொண்ணு எண்டு? கவனிச்சனீர்தானே? என்ர வாயாலயே வந்தது. அந்த ஃப்ளஷ் சத்தம் நிக்க முன்னமே எனக்கு அந்த மனுசியின்ர ஞாபகம் வந்ததுதான். ஒரு போன் திருப்பி எடுத்து, "என்ன பிள்ளை அக்கா" எண்டு கேட்டிருந்தால் முடிஞ்சுது. கேக்கேல்லை. கோயிலில பெட்டை எண்டு சொல்லிப் போட்டனெல்லே… அஸ்வினி அப்ப சிரிச்ச சிரிப்பு, பிள்ளை. என்ர வாயும் பிழைக்கக் கூடாது, அந்தச் சிரிப்பும் போகக் கூடாது. காது தனக்கு வேண்டினதைக் கேட்டிட்டுது.

சரி, அழாதையும். நீலம் அடிக்கிறன். நல்ல நீலம். ஆனால் பிள்ளைதான் எண்டு மொட்டையா எழுத மாட்டன், ஆம்பிளைப் பிள்ளைதான் எண்டு முழுசா எழுதுவன். இடம் காணாதோ? காணாட்டில் கேக்கைப் பெரிசாக்கிறன். ஒண்டு கேக்கிறன், கோவிக்காதையும்… ஆம்பிளை எண்டால் உங்கட ஊரிலயும் ஆம்பிளைதானே?