4471 வண்டியின் பழைய பிரேக் பேட்

பெயர் ரோஹிணி, தகப்பனார் பெயர் கோவிந்தராஜ், வயது 23. பிம்ப்ரியில் செல்போன் கவர், சார்ஜர் விற்கும் கடையில் வேலை. குடியிருப்பு அதே பகுதியில் ரயில் பாதையை ஒட்டிய சாள் என்னும் வரிசை வீடுகள், அறை எண் 9.

நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். மராத்தியும் ஹிந்தியும் நன்றாக வரும். தமிழ் பேச வரும், எழுதப் படிக்க வராது. சம்பவத்தில் எல்லோரும் பேசியது தமிழில் என்பதால், பேசிய பேச்சு மாறிவிடக் கூடாது என்று தமிழிலேயே சொல்கிறேன். மொழிபெயர்ப்பாளர் ஜெகதீசன் எழுதிக்கொள்கிறார். என்னை யாரும் பிடித்து வரவில்லை. இன்று 14.06.2024 வெள்ளிக்கிழமை காலை 9.20 மணிக்கு நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

எங்கள் சாளுக்கு எதிரே கார் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சேவியர் அவர்களை மூன்று வருடமாகத் தெரியும். அண்ணன் என்று கூப்பிடுவேன். நான் அவரிடம் சம்பளத்துக்கு வேலை செய்யவில்லை. வண்டி வேலை முழுக்க ஃபோனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். நான் பார்த்த எந்த வீடியோவிலும் அவரைப் போல சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்கிறவர் இல்லை. அதனால் அவர் வேலை செய்வதை வீடியோ எடுத்துப் போட இணையத்தில் ஒரு பக்கம் ஆரம்பித்தேன். அவரிடம் இருப்பது பட்டன் ஃபோன். நான் என்ன போடுகிறேன் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

அவர் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியில் கழற்றிய பழைய சாமானை மராத்தி பேப்பரில் சுற்றி, வண்டி நம்பரும் தேதியும் எழுதி, வாடிக்கையாளர் கையில் கொடுப்பார். அந்தப் பொட்டலத்தை வாங்காதவருக்குச் சாவி கொடுக்க மாட்டார்.

06.06.2024 வியாழக்கிழமை எனக்குக் கடை லீவு, அங்கே இருந்தேன். லோஹேகாவில் இருந்து சுந்தரமூர்த்தி சார் தன் 4471 காரைக் கொண்டுவந்தார். அவர் விமானப் படையில் ஓய்வு பெற்றவர், பதினோரு வருடமாக இந்தக் கடைக்குத்தான் வருகிறார். அண்ணன் முன் சக்கர பிரேக் பேடைக் கழற்றிப் பார்த்து, "சார், இது இன்னும் ரெண்டு மாசம் ஓடும். ஆனா காவ்யா பாப்பா வேலைக்கு டெய்லி ரஞ்சன்காவ் போவுதுல்லா, அந்த ரோடு பூரா லாரி. மாத்திருவோம்" என்றார். காவ்யா சாரின் மகள், அந்தக் காரைத் தினமும் ஓட்டுவது அவள்தான். சார், "நீ சொன்னா சரி சேவியர்" என்றார். பேடை மாற்றி, பழையதைப் பொட்டலம் கட்டி எடுத்து வைத்தார்.

அதன் பிறகு இருவரும் டீ குடிக்கப் போன நேரத்தில் நான் பொட்டலத்தைப் பிரித்து ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். மூன்று மில்லிமீட்டர் மீதி இருந்தது. கேமராவில் அது சாதாரணமாகத் தெரிந்தது. அதனால் பழைய இரும்பு டப்பாவில் கிடந்த ஒரு டாக்சியின் பேடை எடுத்தேன். அது முழுக்கத் தேய்ந்து, வெறும் இரும்பில் கோடு விழுந்திருந்தது. அதை 4471 நம்பர் பலகைக்குப் பக்கத்தில் பிடித்து வீடியோ எடுத்தேன். பிறகு சாரின் பேடை அதே பேப்பரில் பழையபடி சுற்றி வைத்துவிட்டேன். ஒன்பதாம் தேதி அந்த வீடியோவைப் போட்டேன். 'இந்த நிலைமையில் ஒரு பெண் தினமும் ஹைவேயில் போய்க்கொண்டிருந்தாள், சேவியர் பாய் காப்பாற்றினார்' என்று ஹிந்தியில் எழுதினேன். நான்கு நாளில் இரண்டு லட்சத்துப் பதினாலாயிரம் பேர் பார்த்தார்கள். என் பக்கத்தில் அதற்கு முன் ஒரு வீடியோவை அதிகம் பார்த்தது எண்ணூறு பேர்.

13.06.2024 வியாழக்கிழமையும் எனக்கு லீவு, அண்ணன் கடையில் இருந்தேன். மாலை 5.10 மணிக்கு, மழை பெய்துகொண்டிருக்கும்போது, அதே காரில் சுந்தரமூர்த்தி சாரும் அவர் மைத்துனர் தினேஷும் வந்தார்கள். சார் கையில் ஒரு சாக்கு இருந்தது. அதைக் கடைத் தரையில் கவிழ்த்தார். எல்லாம் பேப்பர் பொட்டலம். பதினோரு வருடத்தில் அண்ணன் கொடுத்தவை. ஒவ்வொன்றிலும் 4471 என்று அண்ணன் கையெழுத்து இருந்தது.

சார், "ஒண்ணையும் தூக்கிப் போடல சேவியர். ஷெட்ல வரிசையா அடுக்கி வச்சிருந்தேன். இதுல எது என் வண்டியோடது? ஒண்ணே ஒண்ணு எடுத்துக் காட்டு" என்றார்.

அண்ணன், "எல்லாமே சாரோடதுதான். என்ன சார் இப்படிக் கேக்கீங்க?" என்றார்.

தினேஷ் ஃபோனில் என் வீடியோவைக் காட்டினார். "நம்ம நம்பர்தானே இது? பிப்ரவரியில செக் பண்ணிட்டு நல்லாருக்குன்னே. இரும்போட இரும்பு உரச என் அக்கா பொண்ணு ஓட்டியிருக்கா. நீ வீட்டுக்குக் குடுத்த பேட்ல மட்டும் எப்படிடா இவ்வளவு கனம் இருக்கு? எவன் வண்டி சாமானைக் கட்டிக் குடுத்தே, சோர்! திருட்டுப் பயலே!" என்றார்.

அண்ணன் ஃபோனைக் கண் சுருக்கிப் பார்த்தார். அதன் பிறகு என் பக்கம் திரும்பி, "ஏ பிள்ள, இது நம்ம கடையிலயா எடுத்தது?" என்று கேட்டார். நான் "ஆமாண்ணா" என்றேன். அந்தப் பேட் டாக்சியோடது என்பதைச் சொல்லவில்லை. சொல்வதற்கு நேரம் இருந்தது.

"கேட்டீங்களா மாமா?" என்று சொல்லிவிட்டுத் தினேஷ் அண்ணனின் மூக்கில் குத்தினார். அண்ணன் பொட்டலங்கள் மேல் விழுந்தார். தினேஷ் வயிற்றில் மூன்று முறை மிதித்தார். அதன் பிறகு சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி, வேலை மேசைக்கு இழுத்துப்போய், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸில் அண்ணனின் வலது கை விரல்களை வைத்துக் கைப்பிடியைச் சுற்றினார். சுந்தரமூர்த்தி சார், "கை வேணாம்டா, அது அவன் பொழைப்பு" என்றார். ஆனால் நின்ற இடத்தை விட்டு வரவில்லை.

தினேஷ், "வேற வண்டி சாமான்தானே? சொல்லு, விட்டுடறேன்" என்றார். அண்ணன், "அந்த வண்டிதுதான்" என்றார். தினேஷ் இன்னொரு சுற்று சுற்றினார். மறுபடி கேட்டார். அண்ணன் மறுபடி, "அந்த வண்டிதுதான் சார்" என்றார். அதை அவர் தினேஷிடம் சொல்லவில்லை, சுந்தரமூர்த்தி சாரைப் பார்த்துச் சொன்னார். மூன்றாவது சுற்றில் விரல் எலும்பு முறியும் சத்தம் எனக்குக் கேட்டது. நான் ஆறடி தூரத்தில் நின்றேன். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. டயர் பக்கத்தில் கிடந்த வீல் ஸ்பேனரை இரண்டு கையாலும் எடுத்துத் தினேஷின் தலையில் பின்பக்கம் அடித்தேன். அவர் மேசை விளிம்பில் முகம் மோதிக் கீழே விழுந்தார். விழுந்த பிறகு காதுக்கு மேலே இன்னொரு முறை அடித்தேன். ரத்தம் ஓடிப் பொட்டலங்களின் பேப்பர் நனைந்தது.

அண்ணன் இடது கையால் வைஸைத் தளர்த்திக் கையை எடுத்தார். நடு விரலும் மோதிர விரலும் தட்டையாக இருந்தன. என்னிடம், "ஓடு பிள்ள. நீ இங்க வரவே இல்ல" என்றார். நான் ஸ்பேனரோடு ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போனேன். அந்த வீடியோவை அழித்தேன். அழிக்கும் முன் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். இதையும் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

இன்று காலை என் தகப்பனார் வெளியே விசாரித்துவிட்டு வந்து, தினேஷுக்கு மண்டை எலும்பு உடைந்து இன்னும் நினைவு திரும்பவில்லை என்றும், சேவியர் தான்தான் ஒரு அடி அடித்ததாக ஒப்புக்கொண்டு, ஒரு ஸ்பேனரையும் ஒப்படைத்துவிட்டு லாக்கப்பில் இருக்கிறார் என்றும், சுந்தரமூர்த்தி சாரும் அதை மறுக்கவில்லை என்றும் சொன்னார். அது தவறு. அடி இரண்டு. அடித்தது நான். அடித்த நேரத்தில் அண்ணனின் வலது கை வைஸில் இருந்தது. அவர் காவல் துறையிடம் கொடுத்த ஸ்பேனரில் ரத்தம் இருக்காது. அது வேறு ஸ்பேனர்.

சுந்தரமூர்த்தி சாரிடம் இதைப் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். அவர் வீட்டுக்குக் கொண்டுபோன பேட் அவர் வண்டியில் கழற்றியதுதான். பிப்ரவரியில் அது நன்றாகத்தான் இருந்தது. சாக்கில் இருந்த மற்றவையும் அவருடையவைதான். வீடியோவில் உள்ளது மட்டும்தான் வேறு வண்டியுடையது. சேவியர் அண்ணனுக்கும் இது இன்னும் தெரியாது. அவரிடமும் படித்துக் காட்ட வேண்டும். நான் அந்த இடத்தில் இருக்க வேண்டாம்.

அடித்த வீல் ஸ்பேனரைக் கழுவாமல் கொண்டுவந்து மேசையில் வைத்திருக்கிறேன். கடை வழக்கப்படி மராத்தி பேப்பரில் சுற்றி, தேதி போட்டிருக்கிறேன். வண்டி நம்பர் எழுதும் இடத்தில் என் பெயரை எழுதியிருக்கிறேன்.

நான் சொன்னது சொன்னபடியே எழுதப்பட்டது. இரண்டு முறை படித்துக் காட்டக் கேட்டேன். சொல்லாமல் விட்டது இந்த முறை எதுவும் இல்லை.

(மராத்தியில் கையொப்பம்) ரோஹிணி கோவிந்தராஜ்

எழுதிப் படித்துக் காட்டியவர்: ஜெகதீசன், மொழிபெயர்ப்பாளர்