பதினாலாம் நம்பர்

ஹைதராபாத் குகட்பள்ளியில் மெட்ரோ ஏறிய ஒரு கணவனும் மனைவியும் என் எதிரில் உட்கார்ந்தார்கள். அவன் மடியில் ஒரு டிபன் பை. உள்ளே துண்டில் சுற்றிய ஹார்டு டிஸ்க்.

"வீட்டு கம்ப்யூட்டர் முழுசும் இதுல வந்துடுச்சா?" என்று மனைவி கேட்டாள்.

"ஒண்ணு விடாம காப்பி எடுத்துட்டேன். நம்ம வீட்ல எது போனாலும் அப்பா வீட்டு பீரோல இது இருக்கும்."

"அந்தப் பதினெட்டுப் பொண்ணுங்களுமா?"

நான் காதில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினேன்.

"அது நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா சேர்த்து வெச்ச ஜாதகம்மா."

"தெரியும். நான் பதினாலாம் நம்பர். மாமா போட்ட 'பொருந்தவில்லை'ங்கற ஃபோல்டர்ல இருக்கேன்."

அவன் டிஸ்க்கைச் சுற்றியிருந்த துண்டை இழுத்து இறுக்கினான்.

"நான்தானே உன்னை அதுலேர்ந்து வெளிய எடுத்தேன்."

"எங்க எடுத்தீங்க? காப்பி பண்ணியிருக்கீங்க. ஒரிஜினல் இன்னும் அங்கதான் இருக்கு."

"சரி, போனதும் அந்த ஃபோல்டரையே அழிச்சிடறேன்."

"நக்கோ, வேண்டாம். மத்தவங்களை அழிங்க. என்னை அப்படியே விடுங்க."

"எதுக்கு?"

"போட்டோவைப் பார்த்த அன்னிக்கே இவதான் மருமகள்னு முடிவு பண்ணிட்டேன்னு நாம போறப்ப எல்லாம் மாமா சொல்றாரே. இன்னிக்கும் சொல்வார். அப்ப அந்த ஃபோல்டரைத் திறந்து காட்டணும்."

அமீர்பேட்டில் அவர்கள் இறங்கும்போது டிபன் பை அவள் தோளில் இருந்தது.