திருத்தம் இல்லாத பிரதி

காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டுதான் நான் வேலைக்கு உட்காருவேன். வேலை வீட்டிலேயேதான். சலவை இயந்திரத்துக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு மேசை. நோட்டீஸ், அட்டைப்படம், விளம்பரப் பலகை எல்லாம் வடிவமைத்துக் கொடுப்பேன். முதலாளி கிடையாது. அதனால் வருகிறவர் எல்லோருமே முதலாளிதான்.

எனக்கு ஒரு தந்திரம் உண்டு. முதல் பிரதியில் வேண்டுமென்றே ஒரு பிழையை விட்டுவைப்பேன். வாடிக்கையாளர் ஏதாவது குறை சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. நாமே ஒன்றை வைத்துவிட்டால், அதைப் பிடித்த திருப்தியில் மற்றதில் கை வைக்க மாட்டார். இதற்குத் திருஷ்டிப்பொட்டு என்று பெயர் வைத்திருந்தேன். பதினோரு வருடமாக யாருக்கும் தெரியாது.

குழந்தைகள் மருத்துவமனையின் தலைமை நர்ஸ் எனக்கு நாலு வருட வாடிக்கை. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தாய்மார்களுக்குக் கொடுக்கும் துண்டறிக்கைகளை என்னிடம்தான் தருவார். ஒவ்வொரு முறையும் என் பொட்டைச் சரியாகப் பிடித்துவிட்டு, "என் கண்ணுக்குத் தப்புமா தம்பி?" என்று சிரிப்பார். எனக்கும் உள்ளுக்குள் சிரிப்புதான்.

போன வருடம் காய்ச்சல் மருந்துக்கு ஓர் அறிக்கை கேட்டார். படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் எழுத்து குறைவு. மருந்து அளக்கும் மூடியின் படம், எதுவரை ஊற்றலாம் என்று காட்ட ஒரு சிவப்புக் கோடு, அவ்வளவுதான். இரண்டு வயதுக்கு ஐந்து மில்லி என்று அக்கா ஒரு தாளில் கையால் எழுதிக் கொடுத்திருந்தார். நான் கோட்டைப் பத்தில் போட்டேன். அளவு என்றால் நர்ஸ் கண்ணில்தானே முதலில் படும். அப்போது எனக்கு அது கெட்டிக்காரத்தனமாகவே தெரிந்தது.

மறுநாள் போன் வந்தது. "தம்பி, ரொம்ப நல்லாருக்கு. ஒண்ணுமே மாத்த வேணாம். நேரா அச்சகத்துக்கே அனுப்பிட்டேன்."

"நல்லாப் பாத்தீங்களாக்கா?"

"நீங்க பண்ணா சரியாத்தான் இருக்கும். நாலு வருஷமாப் பாக்குறேனே."

கை தவறிவிட்டது அக்கா என்று ஒரு பொய் சொல்லியிருந்தாலும் போதும். ஆனால் பதினோரு வருடத்தில் என் முதல் பிரதி திருத்தமில்லாமல் போனது அன்றுதான். அதை என் வாயாலேயே கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. ஒரு திருத்தமும் வரவில்லை என்று மட்டும் மனைவியிடம் சொன்னேன். "அப்பாடா, இப்பவாவது உங்க அருமை தெரிஞ்சுதே" என்றாள். அச்சகத்துக்குச் சொல்ல இரண்டு முறை போனை எடுத்தேன், இரண்டு முறையும் கீழே வைத்தேன். டாக்டர் யாராவது பார்ப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இதைச் சொல்லவே நாக்கூசுகிறது.

யாரும் பார்க்கவில்லை. அக்கா பார்த்திருப்பார் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். ஒரு தாய் கோடு தவறாமல் ஊற்றினாள். ஆறு நாள், வேளைக்கு வேளை. மெலிந்த பெண் குழந்தை, ஈரல் தாங்கவில்லை. ஒன்பதாம் நாள் இறந்துபோனாள்.

விசாரணை தொடங்கியதும் அக்கா என்னை அழைத்தார். "தம்பி, நான் எழுதிக் குடுத்த தாள் உங்ககிட்ட இருக்கா? அதுல என்ன அளவு போட்டிருந்தேன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல."

தாள் என் கையில்தான் இருந்தது. அவருடைய உருண்டையான எழுத்தில், ஐந்து.

"பத்துன்னுதான் எழுதியிருக்கீங்கக்கா" என்றேன். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு தாளைச் சுக்கலாகக் கிழித்தேன்.

"அப்ப நான்தானா" என்றார். பிறகு அழுதுகொண்டே, "மன்னிச்சுக்குங்க தம்பி, என்னால உங்க பேரும் கெட்டுப்போச்சு" என்றார்.

எனக்கு அவர்மேல் கொஞ்சம்கூடக் கோபம் இல்லை. "பரவால்லக்கா, மனசுல வச்சுக்காதீங்க" என்று மன்னித்துவிட்டேன்.