ஆறு விமானமும் ஒரு பாய்லரும்

...அதத்தான் தம்பி, போன்ல உங்க கம்பெனிப் பொண்ணுகிட்டயும் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். பாய்லர் எரியாம இல்லம்மா, எரியுது. எரிஞ்சிட்டுத் தானா அணஞ்சிடுது. செவப்புப் பொத்தான அமுக்குனா மறுபடி எரியும். கொஞ்ச நேரத்துல மறுபடி அணஞ்சிடும். அதுக்கு அவ என்ன சொல்றா, "மேடம், ஜனவரி மாசத்துல எல்லார் வீட்லயும் இப்படித்தான்"ங்கிறா. எல்லார் வீட்லயும் இப்படின்னா எல்லார் வீட்டுக்கும் ஆள் அனுப்பு. அதுக்குத்தான சம்பளம் வாங்குற... சரி விடுங்க. நீங்க என்ன பண்ணுவீங்க பாவம். உள்ள வாங்க. ஷூ கெடக்கட்டும், கழட்ட வேணாம். ஆனா காலப் பாத்து வைங்க. ஹரிகேனோட சக்கரம் ஒண்ணு இந்தப் பக்கமாத்தான் உருண்டு போச்சு. மொளகு அளவு இருக்கும். கறுப்பா.

ஹரிகேன்னா விமானம் தம்பி. பழைய சண்டை விமானம். பிளாஸ்டிக்ல பண்றது. நான்தான் பண்றேன்... ஏன், பொம்பள பண்ணக் கூடாதா? இல்ல, நீங்க சொல்லல. மூஞ்சி சொல்லுச்சு.

சமையக்கட்டு இப்படி. அந்த அலமாரிக்குள்ளதான் பாய்லர் இருக்கு. இருங்க இருங்க, கதவுல கை வைக்காதீங்க. நான் தெறக்குறேன். உள்ள ஆறு பேரு காஞ்சிட்டு இருக்காங்க.

பாத்தீங்களா? வெதுவெதுன்னு இருக்கும், பெயிண்ட் சமமாக் காயும். இந்த வீட்லயே இதவிட்டா வேற எடம் கெடையாது. இவங்கள வெளிய எடுத்தாத்தான் நீங்க உள்ள போக முடியும், அது தெரியுது. எடுக்குறேன். ஒவ்வொண்ணாத்தான் எடுக்கணும். நீங்க அதுவரைக்கும் டீயக் குடிங்க. ப்ளம் பிரெட் இருக்கு, வெண்ணெய் தடவிக்கோங்க. தின்ன ஆளில்லாமக் கெடக்கு. ஆளில்லாமன்னா... அதச் சொல்றேன், இருங்க.

இவன்தான் மூத்தவன். லங்காஸ்டர். முதல்ல இவன் ஒருத்தன்தான் இருந்தான். நெவில்தான், என் வீட்டுக்காரரு, வாங்கிக் குடுத்தாரு. நான் ஸ்கூல் பஸ் ஓட்டிட்டு இருந்தேன் தம்பி. ரிட்டையர் ஆனதும் கை ரெண்டும் சும்மா இருக்க மாட்டேங்குது. சாப்பிட உக்காந்தா தட்ட ஸ்டியரிங் மாதிரி பிடிச்சுக்கிட்டு இருந்தேனாம், அவரு சொல்றாரு. அதனால வாங்கிட்டு வந்தாரு. பண்ண ஆரம்பிச்சேன். வயித்துக்குக் கறுப்பு அடிச்சேன். அடிச்சா காயணும்ல? ஒரு நாள் முழுக்கத் தொடக் கூடாது. அது வரைக்கும் என்ன பண்றது? காயுறதப் பாத்துக்கிட்டே எவ்ளோ நேரம் உக்கார்றது? அதனால ஸ்பிட்ஃபயர் ஒண்ணு வாங்குனேன். அதுக்குப் பசை போட்டேன். பசையும் காயணும்ல. அப்பறம் ஹரிகேன். அப்பறம் மஸ்கிட்டோ... இந்தா, இவன்தான், பிடிங்க. வயித்தப் பிடிங்க, எறக்கயப் பிடிக்காதீங்க. அந்தப் பக்கம் வெலிங்டன். ஆக அஞ்சு பேரும் நம்மாளுங்க, பிரிட்டிஷ்காரங்க. நம்மாளுங்களே இருந்தா யாரோட சண்ட போடுவாங்க? அதனால ஒரு ஜெர்மன்காரன். மெஸ்ஸர்ஷ்மிட்.

இதுல தப்பு என்ன இருக்கு சொல்லுங்க. ஒருத்தனுக்குப் பச்சை கலக்குனா ஆறு பேருக்கும் கலந்த மாதிரி. பிரஷ்ஷக் கழுவுறது ஒரு தரம். புத்தியுள்ள எவளும் இப்படித்தான பண்ணுவா. ஆனா எங்க ஊர் மாடல் சங்கத்துல க்ளைவ்னு ஒருத்தன் இருக்கான், செயலாளர். அவன் என்ன சொல்றான், "ஹிலரி, ஒண்ண முடிச்சிட்டுத்தான் அடுத்தத தொடணும்." அவன் ஒரு ஸ்பிட்ஃபயர நாலு வருஷமாப் பண்றான். நெசமான ஸ்பிட்ஃபயரையே அவங்க அவ்ளோ நாள் பண்ணல. நான் கூட்டத்துல எந்திரிச்சு சொல்லிட்டேன். கண்காட்சிக்கு ஆறையும் கொண்டுவரேன், முழுசா, சக்கரத்தோட. சிரிச்சான். எல்லார் முன்னாடியும் டீயக் கீழ வச்சிட்டு சிரிச்சான் தம்பி.

இந்தத் தட்டு மெதுவா. காத்தாடிங்க. லங்காஸ்டருக்கு நாலு, மஸ்கிட்டோவுக்கு ரெண்டு, வெலிங்டனுக்கு ரெண்டு, மத்தவங்களுக்கு ஒண்ணொண்ணு. எல்லாத்தையும் ஒரே தட்டுல வச்சு ஒரே கறுப்பா அடிச்சிட்டேன். இப்ப எது எவனோடதுன்னு அவங்க அம்மாவுக்கே தெரியாது.

என்ன கேட்டீங்க? பொத்தானா? ஒரு நாளைக்கு ஏழெட்டு தரம் அமுக்குவேன். முந்தியெல்லாம் இல்ல, இப்பத்தான் கொஞ்ச நாளா. நெவில் இருந்தா அவரு அமுக்குவாரு. அவருதான் இங்கயே உக்காந்திருப்பாரு. அந்த நாற்காலியில. முன்னறையில மேஜ பூரா எறக்கையும் வாலுமாக் கெடக்கு, அவரு எங்க உக்காருவாரு? பேப்பரத் தூக்கிட்டு இங்க வந்துட்டாரு. ஒண்ணும் சொல்லல. நல்ல மனுஷன். சொல்லாமப் போனாரு பாருங்க, அதுதான்...

பிரெட் எடுத்துக்கோங்க.

அவரு போயிட்டாரு தம்பி. கடலோரத்துல, ஸ்கெக்னஸ்ல, அவங்க அக்கா ஜாய்ஸ் வீட்டுக்கு. ஞாயித்துக்கெழம பையில ரெண்டு சட்டய வச்சுக்கிட்டுப் போனவருதான். கேட்டா தலைவலிங்கிறாரு. கிறிஸ்துமஸ் முடிஞ்சதுலேர்ந்து இதே பாட்டு. காலையில எந்திரிச்சா தலைவலி. சாயங்காலம் உக்காந்தா தலைவலி, கொமட்டல். நானும் மாத்திரையக் குடுத்துக் குடுத்துப் பாத்தேன். ஆனா ஒண்ணு கவனிச்சேன் தம்பி. ஊருக்கு வெளிய எங்களுக்கு ஒரு துண்டுத் தோட்டம் இருக்கு, கோஸ் போட்டிருக்காரு. அங்க போனா தலைவலி கெடையாது. மழையில நனைஞ்சு, பனியில நின்னு, சிரிச்சுக்கிட்டு வர்றாரு. வீட்டுக்குள்ள நொழஞ்சு அர மணி நேரம், நெத்தியப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துடுறாரு. அப்ப அதுக்கு என்ன அர்த்தம்? நான் முட்டாள் இல்ல. என் மூஞ்சியப் பாத்தா வலிக்குது, கோஸப் பாத்தா வலிக்கல.

நேத்து போன் பண்ணுனேன். "எப்படி இருக்க"ன்னு கேக்குறேன், "கொழந்த மாதிரி தூங்குறேன் ஹில், தல லேசா இருக்கு"ங்கிறாரு. சந்தோஷமாச் சொல்றாரு. கல்யாணமாகி இத்தன வருஷத்துக்கு அப்பறம், நான் இல்லாத வீட்ல தல லேசா இருக்குன்னு ஒரு மனுஷன் சந்தோஷமாச் சொன்னா... "சரி, ஸ்வெட்டர் போட்டுக்கோ"ன்னு சொல்லிட்டு வச்சிட்டேன்.

அழல. பெயிண்ட் வாசன, கண்ணு எரியுது. அதுக்குத்தான் முன்னறையில ஜன்னல எப்பவும் கொஞ்சம் தெறந்து வப்பேன். அதனால அந்த வாசனயிலேர்ந்து தப்பிச்சேன்னு வைங்க, இருந்தாலும் எனக்கும் ரெண்டு நாளாத் தல சுத்துது. கவலதான். வேறென்ன? இந்த மெஸ்ஸர்ஷ்மிட்டப் பாருங்க. தண்ணியில ஊறப்போட்டு ஒட்டுற படம் இருக்குல்ல, அத நேத்து ஒட்டுனேன். ஒரு எறக்கையில ஜெர்மன் சிலுவை. இன்னொண்ணுல நம்ம விமானப்படை வட்டம். ஒட்டி முடிச்சு, தட்டுல வச்சு, தூங்கி எந்திரிச்சப்பறம்தான் கண்ணுல படுது. ரெண்டு கட்சியிலயும் இருக்கான் இப்ப. க்ளைவ் பாத்தா போதும், செத்தேன் நான்.

ஆச்சு, ஆறும் வெளிய. இனி உங்க பாடு. நல்லாப் பாருங்க.

...என்ன?

அதுவா? கதவுல காத்துக்கு விட்டிருக்குற அந்தக் கம்பித் தடுப்பா? அத நான்தான் மூடி ஒட்டுனேன். சுத்தமா ஒட்டியிருக்கேன்ல? பிளாஸ்டிக் தாள வெட்டி, ஓரம் பூரா டேப் போட்டு. பெயிண்ட் அடிக்கும்போது மறைக்கிற டேப்தான், பிசுக்கு ஒட்டாது. தூசி தம்பி. அந்த ஓட்ட வழியா தூசி வந்து லங்காஸ்டரோட ஈர வயித்துல ஒட்டிக்குது. தேச்சு எடுத்து மறுபடி அடிச்சேன், மறுபடி ஒட்டுது. அதனால ஒரேயடியா அடச்சிட்டேன்.

வெளிச் சொவத்துலயும் ஒண்ணு இருந்துச்சு. ஆமா, அதையும்தான். அதுல காத்து விசில் அடிக்கும்.

எப்பவா? கிறிஸ்துமஸ் முடிஞ்சதும். ஏன்?

சொவத்துல இருந்த வெள்ள டப்பாவா? பேட்டரி எடுத்துட்டேன். பெயிண்ட் கலக்குற குச்சி பேட்டரியில சுத்துறது, அதுக்கு வேணும்னு. அது என்னைக்கும் ஒரு வேலையும் பண்ணல, சும்மாத்தான தொங்கிட்டு இருந்துச்சு.

தம்பி, ஏன் ஜன்னலத் தெறக்குறீங்க? பெயிண்ட் காயலன்னு சொல்லிட்டே இருக்கேன்ல... பின்கதவயும் ஏன்... கேஸ அணச்சிட்டீங்களா? சரி அணச்சா அணைங்க, அதுக்கு நான் ஏன் வெளிய போகணும்? என் வீடு தம்பி. கையப் பிடிச்சுத் தள்ளாதீங்க, போறேன். போறேன்னுதான சொல்றேன். லங்காஸ்டர எடுத்துக்குறேன். இது இல்லாம நான் நகர மாட்டேன். மத்தவங்கள நீங்க கொண்டு வாங்க. தட்டோட.

பாருங்க, புல்லெல்லாம் பனி. கோட்டுகூட போடல. இப்ப சொல்லுங்க, என்னதான் ஆச்சு உங்களுக்கு.

...

காத்து இல்லாம எரிஞ்சா விஷவாயு வருமா.

வாசன வராதா? ஒண்ணுமே? பெயிண்ட் வாசன எனக்குத் தெருமுனையிலயே தெரியும்... இதுக்கு வாசனயே கெடையாதா. அது வந்தா கத்துறதுக்குத்தான் அந்த வெள்ள டப்பாவா. ஓ.

தானா அணஞ்சது அதனாலதானா. எங்களக் காப்பாத்தத்தான் அணஞ்சுதா. நான் அதையும் அமுக்கி அமுக்கி எரிய விட்டேன்.

இருங்க. அந்த நாற்காலி. அவரு அந்த நாற்காலியில, அந்தக் கதவ ஒட்டி, தெனம் ராத்திரி சாப்பிடுற வரைக்கும்... நான்தான முன்னறையிலேர்ந்து தொரத்துனேன். தொரத்தல, ஆனா எடம் இல்லாமப் பண்ணிட்டேன்.

இதுக்குத் தலை வலிக்குமா தம்பி? கொமட்டுமா? வெளிக் காத்துக்குப் போனா சரியாயிடுமா... நெசமாவா? கோஸ் தோட்டத்துக்குப் போனா சரியாப் போறதுக்கு வேற காரணம் எதுவும் இல்லியே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க இந்த வேலையில எவ்ளோ வருஷம் இருக்கீங்க...

அப்ப விஷவாயுதானா. வெறும் விஷவாயுதானா தம்பி.

நான் சிரிக்கல. சரி, சிரிக்கிறேன். உங்களுக்குப் புரியாது. நான் இந்த ஒரு வாரமா எப்படிப் படுத்தேன், எப்படி எந்திரிச்சேன்னு... இல்ல, புரியுது, செத்திருப்போம். ரெண்டு பேரும். தெரியுது. லங்காஸ்டரப் பிடிங்க, விழுந்துடப் போறான். போன எடுக்கணும்.

ஜாய்ஸா? ஹிலரி பேசுறேன். நெவிலக் கூப்பிடு. தூங்குனாலும் எழுப்பு.

நெவில்? நான்தான். இல்ல, அழல. கேளு. உன் தலைவலி பாய்லர்லேர்ந்து வந்தது. நான் ஓட்டய அடச்சிட்டேன். தூசி வருதுன்னு. ஆமா, அந்த ரெண்டு ஓட்டையும். டேப் போட்டு. பேட்டரியும் நான்தான் எடுத்தேன்... ஆமா நெவில், கிட்டத்தட்ட கொன்னேதான் போட்டேன். ...ஹலோ? இருக்கியா?

வெளியதான் நிக்கிறேன். தோட்டத்துல. பாய்லர்காரத் தம்பி கூட இருக்காரு, நல்லவரு, பேசவே மாட்டாரு. லேசாத் தல சுத்துது, அவ்ளோதான். இல்லப்பா, உள்ள போக மாட்டேன். சத்தியமா.

ஒண்ணு கேக்குறேன், நெசமாச் சொல்லு. நீ திரும்பி வர்றதாத்தான் இருந்தியா?

...

என்ன சொன்ன? கோஸுக்குத் தண்ணி யாரு ஊத்துவான்னா? எனக்காக இல்லியா? ...ஆங். சரி. இப்ப சொல்லு. இன்னொரு தரம் சொல்லு, காத்துல கேக்கல.

ம். கேட்டுச்சு.

சரி வச்சிடுறேன், தம்பி என்னமோ கை காட்டுறாரு. என்ன தம்பி? ஆஸ்பத்திரிக்கா? ரத்தம் எடுத்துப் பாக்கணுமா, ரெண்டு பேருக்கும்? நெவில், கேட்டியா? ஜாய்ஸ் கார எடுத்துக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வா. நான் தம்பி வேன்ல வர்றேன். ஸ்வெட்டர் போட்டுக்கோ. ...ஆமா, ஆறு பேரும் வெளியதான் இருக்காங்க. நல்லா இருக்காங்க. ஜெர்மன்காரன் மட்டும் கொஞ்சம் கொழம்பிப் போயிருக்கான், வந்து சொல்றேன்.

வச்சிட்டேன். சிரிச்சாரு தம்பி. ஒருவழியா சிரிச்சாரு.

இவங்கள விட்டுட்டுப் போலாம்னு சொல்றீங்களா? இந்த மதில்மேலயா? மழ வரப்போகுது. பூன ஒண்ணு அங்க நின்னு இவங்களயே பாக்குது. நான் நாளைக்கு வீட்டுக்குள்ள வர முடியுமோ முடியாதோ, கண்காட்சிக்கு இன்னும் பத்து நாளு கூட இல்ல, க்ளைவ் மூஞ்சிய நான் பாத்தாகணும்... வேன்ல கெடக்குற அந்தக் குழாயெல்லாம் எடுத்து ஓரமாப் போடுங்க. ஆமா, அப்படித்தான். ஸ்பிட்ஃபயர் அங்க, ஹரிகேன் அங்க, ஒட்டாம வைங்க. வெலிங்டன் துணி மேல. காத்தாடித் தட்டு என் காலுக்குக் கீழ இருக்கட்டும். லங்காஸ்டர் என் மடியில.

மெதுவாப் போங்க. மேட்டுலயும் பள்ளத்துலயும் நான் சொல்றேன், இந்த ரோட்ட நான் தெனம் ஓட்டுனவ.

பாருங்க, இவனுக்கு எடமில்ல. ஈரமாவும் இருக்கான். தம்பி, இந்த ஜெர்மன்காரன ஒரு கையில பிடிச்சுக்கிட்டு உங்களால வண்டி ஓட்ட முடியுமா?