அக்காவின் இடது தோள்

அவைக்கு அணியாய் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, ஊசி முனையிலேயே உலகத்தைப் பார்த்துவிட்ட மூத்த தையற்கலைஞர்களே, பெற்ற பிள்ளைகள் பட்டம் வாங்குவதைப் பார்க்க வந்திருக்கும் தாய்மார்களே, நாளைய திரைக்கும் தெருவுக்கும் உடை தரப்போகும் வடிவமைப்பு மாணவர்களே, உட்கார இடமில்லாமல் கதவோரம் நின்றே கேட்கும் காவலர் ஐயா அவர்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

“அழகு எங்கே ஊறுகிறது?” என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பட்டிலா ஊறுகிறது? பகட்டிலா ஊறுகிறது? பளபளக்கும் பத்திரிகைப் பக்கத்திலா ஊறுகிறது? நானும் அங்கேதான் தேடினேன். கடைசியில் அதை ஒரு பழைய நைட்டியில் கண்டேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், உங்கள் வீட்டிலும் ஒன்று கிடக்கும்.

திரைப்படத்துக்கு உடை அமைப்பது என் தொழில். அதில் கடினமான வேலை புதுத்துணியைப் பழசாக்குவது. தேயிலைச் சாயத்தில் ஊறவைப்போம், உப்புத்தாளால் தேய்ப்போம், வெயிலில் வாட்டுவோம். தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஒரு தாய்க்கு அப்படி ஓர் உடை கேட்டார் இயக்குநர். மூன்று முறை கொண்டுபோனேன். மூன்று முறையும் வேண்டாம் என்றார். மூன்றாம் முறை உடையை விரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ரெண்டு தோளும் ஒரே மாதிரி நைஞ்சிருக்கே. இவ என்ன, இரட்டைப் பிள்ளை பெத்தவளா? இது அழுக்கான துணிம்மா. வாழ்ந்த துணி இல்லை. நாளைக்குக் காலையில சரியா வரலைன்னா வேற ஆளைப் பார்த்துக்கறோம்.”

எட்டு ஆண்டு உழைப்பு ஒரு காலையில் தொங்கியது. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

என் அக்காவும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அன்று மாலை வேலை முடிந்து வந்து, நீல நைட்டியை மாட்டிக்கொண்டு, பல் முளைக்கிற மகனைத் தோளில் போட்டபடி அடுப்படியில் நின்றாள். தினமும் பார்க்கிற காட்சிதான். அன்றுதான் பார்த்தேன். வலத்தோள் நல்ல நீலம். இடத்தோள் வெளுத்து, நைந்து, குழந்தை கடித்த இடமெல்லாம் நூல் பிரிந்து, பால்போல் ஆகியிருந்தது. பையோரம் கதவுக் கைப்பிடியில் மாட்டிக் கிழிந்திருக்கிறது. அந்தக் கிழிசலின்மேல் மஞ்சள் நூலில் ஒரு சின்னப் பூ.

“ஏன்க்கா மஞ்சள் நூல்?”

“அதுதான்டி வீட்டுல இருந்துச்சு. எப்படித் தைச்சாலும் தெரியத்தான் போகுது. தெரியறது பார்க்க நல்லா இருக்கட்டுமே.”

மாணவர்களே, மலைத்துப் போனேன். எத்தனை வண்ணப் பாடம் படித்தேன், எத்தனை வடிவப் பாடம் படித்தேன்! இந்த ஒரு வரியை எனக்கு எவரும் நடத்தவில்லை. அடுப்பு ஒருபக்கம் கொதிக்க, பிள்ளை ஒருபக்கம் அழ, கிழிசலைக்கூடப் பூவாக்கிவிட்டுப் போகிற கையைப் பெண்ணுக்கு யார் கொடுத்தது?

ஆனால் மலைத்தவள் செய்த காரியத்தையும் கேளுங்கள். மறுநாள் காலை, அக்கா விடியலிலேயே துவைத்துக் கொடியில் போட்டிருந்த அந்த நைட்டியைத் திருடிக்கொண்டு போனேன். ஆம், திருடினேன். இயக்குநர் தோளைத் தடவிப் பார்த்தார், பூவைப் பார்த்தார். “இதுதாம்மா,” என்றார். என் வேலை பிழைத்தது. வீட்டில் அக்கா நான்கு நாள் தேடினாள். “காத்துல பறந்துடுச்சோ என்னவோ, நீ பார்த்தியா?” என்றாள். “இல்லையேக்கா,” என்றேன்.

படம் வந்தது. மஞ்சள் பூவைப் படைத்த கற்பனையே கற்பனை என்று எழுதினார்கள். நான் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன். மனம் பொறுக்காமல் போன வாரம் அக்காவைத் திரையரங்குக்கு அழைத்துப்போனேன். திரையில் அந்தத் தாய், அந்த நைட்டியில், மகனைத் தோளில் சாய்த்து நின்றாள். அக்கா இமைக்கவில்லை. திட்டப்போகிறாள் என்று உடம்பைக் குறுக்கிக்கொண்டேன். படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகு மெல்லக் கேட்டாள்:

“நான் இவ்வளவு அழகாவாடி இருந்தேன்? யாருமே சொல்லலையே.”

சபையோரே, தன் அழகைத் தானறிய ஒருத்திக்கு முப்பதடித் திரை தேவைப்பட்டது. அடுத்த அறையில் நான் இருந்தேன். அழகை அடையாளம் காண்பதே தொழிலாகக் கொண்ட நான் இருந்தேன். எடுக்கத் தெரிந்த எனக்குச் சொல்லத் தெரியவில்லை. திரையரங்கில்கூட அழுதேனே தவிர, பதில் சொல்லவில்லை.

கைதட்ட வேண்டாம், தயவுசெய்து.

நீங்கள் எனக்குத் தந்த பட்டயத்தில் ‘கற்பனை வளத்துக்காக’ என்று பொறித்திருக்கிறீர்கள். அந்தக் கற்பனைக்குச் சொந்தக்காரி இந்நேரம் எந்தத் தெருவிலோ பேருந்தை நிறுத்தி, அடுத்தவர் பிள்ளைகளைப் பத்திரமாக இறக்கிக்கொண்டிருப்பாள். பட்டயத்தை அவளிடம் கொடுக்கப்போகிறேன். கொடுக்கும்போது, கேள்வி கேட்டு ஒரு வாரம் காத்திருப்பவளுக்குப் பதிலும் சொல்லப்போகிறேன். ஆமாம் அக்கா, அவ்வளவு அழகாகத்தான் இருந்தாய். நான் உன்னிடம் திருடித்தான் பெயர் வாங்கினேன்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. அவள் வீடு வந்து சேரும் நேரமாகிவிட்டது, விடைகொடுங்கள். வணக்கம்.