கழுத்தில் தெரிந்த வெள்ளைக் கோடு

ஓடுகிறோம். அடம்பன் ஊர் பின்னால் கிடக்கிறது. ராத்திரி காலம் தப்பிப் பெய்த மழை. வரம்பு வழுக்குகிறது. என் செருப்பு சேற்றோடு போய்விட்டது. தூரத்தில் ‘டும்’ என்று ஒரு குத்து. பிறகு ஒன்றுமில்லை. பிறகு தலைக்கு மேலே சீலை கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அது கேட்டால் மூச்சு இழுக்கத்தான் நேரம்.

“படுங்கோ! குப்புறப் படுங்கோ!”

கத்துவது என் கணவர் யோசப்பு. அவர் தோளில் எங்கள் மகன். நாலு வயது. நான் முகத்தைச் சேற்றில் புதைக்கிறேன். நிலம் தூக்கிப் போடுகிறது. வாயெல்லாம் மண். எழுந்து பார்க்கிறேன். நாங்கள் மூன்று பேரும் எழும்பிவிட்டோம். என் அம்மா எழும்பவில்லை.

முதுகில் ஒரு சின்ன ஓட்டைதான். அம்மம்மா நித்திரை என்று மகன் சொன்னான். வரம்போரம் நின்ற வேம்பின் கீழே இழுத்துக் கிடத்தினோம். என் சீலைத் தலைப்பைக் கிழித்து முகத்தை மூடினேன். செபம் சொல்லத் தொடங்கினேன். பாதியில் அடுத்த ‘டும்’. மீதியை ஓடிக்கொண்டே சொன்னேன். பெற்ற தாயைப் புதைக்க விடாத சண்டை. அதைத் திட்ட எனக்கு இன்றுவரை ஒரு சொல் அகப்படவில்லை.

நாங்கள் மன்னார்த் தீவின் ஓலைத்தொடுவாய்ச் சனம். கடல்தான் தொழில். தீவுக் கடலில் தொழில் செய்ய விடாத காலத்தில் பெருநிலக் கரைக்கு வந்து ஓலைக் குடிலாக ஒரு வாடி போட்டோம். வந்த பிறகு பாதையைப் பூட்டிவிட்டார்கள். திரும்பிப் போக வழியில்லை. அந்தத் தவக்காலத்தில் ஷெல் எங்கள் வாடிக்கே வந்தது. வள்ளத்தைக் கரையில் விட்டுவிட்டு வெளிக்கிட்டோம். போகக்கூடாது என்று துவக்கோடு மறித்தவர்களும் எங்கள் மொழி பேசியவர்கள்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. எங்கள் ஆம்பிளைகள் கழுத்தில் உத்தரியம் போடுவார்கள். கபில நிறத்தில் இரண்டு சின்னக் கம்பளித் துணித்துண்டுகள். இரண்டையும் ஒரு நாடா இணைக்கும். ஒன்று நெஞ்சில் கிடக்கும், மற்றது முதுகில். சின்ன வயதில் கோயிலில் முதல் நன்மை வாங்கும்போது போட்டால் பிறகு கழற்றுவதில்லை. பழசாகி அறுந்தால் பங்குச் சாமி மந்திரித்துத் தரும் புதுசு. கடலில் போன ஒருவரின் உடல் கரை ஒதுங்கினால் முதலில் கழுத்தைத்தான் பார்ப்போம். உத்தரியம் கிடந்தால் எங்கள் ஆள், எங்கள் சேமக்காலைக்குக் கொண்டுபோய்ப் புதைப்போம்.

குளிக்கிற நேரமாவது கழற்றுங்கோ என்று யோசப்பைப் பகிடி பண்ணுவேன். “நான் உனக்குத் தாலி கட்ட முந்தியே மாதா எனக்குக் கட்டினவ” என்பார். வெற்று மேலோடு வலை வளைக்கிற மனிதர். வெயில் அவரைக் கறுப்பாக்கி வைத்திருந்தது. நாடா கிடந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

மத்தியானம் ஆமியின் தடைமுகாமை நெருங்குகிறோம். பெரிய வரிசை. முன்னுக்கு நின்ற சனம் திரும்பிப் பார்த்துக் கத்துகிறது.

“கழுத்தில கயிறு கிடந்தாக் கழட்டுங்கோ! குப்பி எண்டு சொல்லிப் பிடிக்கிறாங்கள்!”

இயக்கப் பிள்ளைகள் நஞ்சுக் குப்பியைக் கறுத்த நூலில் கோத்துக் கழுத்தில் கட்டியிருப்பார்கள். அதுதான் பயம். வரிசையில் நின்ற எங்கள் கரையார் எல்லாரும் கழற்றினார்கள். சிலர் வேலிக்குள் எறிந்தார்கள். யோசப்பு எறியவில்லை. உதட்டில் வைத்து முத்திசெய்து என் கைக்குள் வைத்தார்.

“பிலோ, இதை வைச்சிரு. அங்கால போனதும் தா.”

முகாம் ஒரு பள்ளிக்கூட முற்றம். ஆம்பிளைகள் ஒரு பக்கம், பெண்களும் பிள்ளைகளும் ஒரு பக்கம். நடுவில் கயிறு. ஆம்பிளைகளைச் சேர்ட்டைக் கழற்றச் சொல்கிறார்கள். ஒருவன் தடியோடு வரிசை நெடுக நடக்கிறான். தோளைப் பார்க்கிறான். முழங்கையைப் பார்க்கிறான். கழுத்தைப் பார்க்கிறான். யோசப்புக்கு முன்னால் நிற்கிறான். அந்த வெள்ளைக் கோட்டின் மேல் தடியை வைக்கிறான். மெதுவாக, கோடு போகிற வழியே முதுகு வரைக்கும் இழுக்கிறான்.

குப்பியை எங்கே எறிந்தாய் என்று கேட்டார்கள். அவருக்குச் சிங்களம் தெரியாது. கையை நெஞ்சில் வைத்துச் சிலுவை போட்டுக் காட்டினார். அந்தக் கையைப் பிடித்துத்தான் பின்னுக்கு மடக்கிக் கட்டினார்கள்.

நான் கயிற்றடிக்கு ஓடினேன். உத்தரியத்தைத் தூக்கிப் பிடித்தேன்.

“மாத்தையா! இது மாதாட துணி! இதைத்தான் அவர் போட்டிருந்தவர்! பாருங்கோ மாத்தையா!”

ஒருவரும் திரும்பவில்லை. கயிற்றடியில் காவல் நின்ற இளம் பெடியன் மட்டும் பார்த்தான். இருபது வயது இருக்குமோ என்னவோ. என் கையைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். தன் சீருடைக் கழுத்துக்குள் விரலை விட்டு எதையோ வெளியே இழுத்தான். அதே கபிலத் துணி. அவனும் ஏதோ ஒரு கடற்கரை வீட்டில் பிறந்தவன்தான். யோசப்பு தப்பிவிட்டார் என்று அந்த ஒரு கணம் நம்பினேன். அவ்வளவு சந்தோசம் என் கலியாணத்தன்றும் இருக்கவில்லை.

“அக்கா, நான் சொல்லுறன்” என்றான். கொச்சைத் தமிழ். உத்தரியத்தை வாங்கிக்கொண்டு போனான். பெரியவனுக்கு முன்னால் விறைத்து நின்று பேசினான். பெரியவன் துணியைப் பார்த்தான். ஏதோ கேட்டான். பெடியன் துணியோடு திரும்பி வந்தான்.

“அப்பிடி எண்டா ஏன் கழட்டினது? அவர் அப்பிடிக் கேக்குது.”

ஏன் கழற்றினார்? பயத்தில் கழற்றினார். பயமுறுத்தினது யார்? என்னிடம் மறுமொழி இருந்தது. கொண்டுபோய்ச் சொல்ல அவனுக்குத் தைரியம் இருக்கவில்லை. அவனை நான் குறை சொல்லவில்லை. அந்த முற்றத்தில் எங்களை மனிதராகப் பார்த்தது அவன் ஒருவன்தான்.

கை கட்டப்பட்டவர்களை எல்லாம் முழங்காலில் இருத்தினார்கள். சுடுமணல். உச்சி வெயில். ஓரத்தில் ஒருவருக்குக் காலில் காயம். கட்டுக்கு மேலே இலையான் மொய்த்தது. பெடியன் பிளாஸ்டிக் கானில் தண்ணீர் கொண்டுவந்தான். முதலில் காயக்காரரின் வாயில் பிடித்தான். பிறகு அடுத்தவர். அதற்கடுத்தது யோசப்பு. வாயைத் திறந்தார். பின்னால் வந்த இன்னொருவன் கானை உதைத்தான். தண்ணீர் மணலில் போனது. முழங்காலில் இருந்தவர்கள் எல்லாரும் அந்த ஈரத்தையே பார்த்தார்கள்.

சண்டையில் சுட்டார்கள், செத்தோம். அதைச் சண்டை என்று சொல்லிவிடலாம். கையைக் கட்டிய பிறகு அது சண்டை இல்லை. கட்டியவன்தான் அந்த மனிதனுக்குத் தண்ணீர் கொடுக்கவேண்டும். வேறு யார் கொடுப்பது? நான் பத்து அடி தள்ளி நின்றேன். தண்ணீர்ப் போத்தல் என் பையில் இருந்தது. கயிற்றைத் தாண்டினால் சுடுவோம் என்று துவக்கை மகனின் பக்கம் திருப்பினார்கள். நின்றேன். வேறென்ன செய்ய?

லொறி வந்தது. பின்கதவு விழுகிற சத்தம். இரும்பில் இரும்பு. ஒவ்வொருவராகத் தூக்கிப் போட்டார்கள். கை கட்டப்பட்ட மனிதனால் ஏறமுடியாது. யோசப்பு உள்ளிருந்து கத்தினார்.

“பிலோ! பிள்ளைக்குக் காட்டாத! திருப்பிப் பிடி!”

நான் மகனின் முகத்தை என் தோளில் அமத்தினேன். லொறி வடக்கே திரும்பியது. சத்தம் தேயும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.

இப்போது ஓலைத்தொடுவாயில்தான் இருக்கிறேன். கருவாடு போடுகிறேன். மகன் கடலுக்குப் போகிறான். அவரைத் தேடி நான் ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. அண்மையில் ஒரு ஐயா கதிரை தந்து இருக்கச் சொன்னார். நல்ல மனிதர். “அம்மா, கனகாலமாப் போச்சு. இறந்திட்டார் எண்டு பதிஞ்சு விடுங்கோவன்” என்றார். “எங்க இறந்தவர் ஐயா? ஆர் கண்டது?” என்று கேட்டேன். அவர் மேசையைப் பார்த்தார்.

இழப்பைப் பதிய வந்த நீங்கள் சொல்லச் சொல்கிறீர்கள். சொல்கிறேன். வள்ளம் ஒன்று. எஞ்சின் ஒன்று. வலைகள் எல்லாம். வாடி. அம்மா, வேம்பின் கீழே. பிறகு போய்த் தேடினேன், வேம்பும் இல்லை. எங்களோடு வரிசையில் நின்ற கரையாரில் ஏழு பேர், அதே லொறியில். காலில் காயத்தோடு ஒருவர், பெயர் தெரியாது, எங்கேயோ அவருக்கும் ஒரு தாய் இருப்பா.

யோசப்பு. முப்பத்தொரு வயது. ஏற்றும்போது உயிரோடு இருந்தார். தண்ணீர் குடிக்கவில்லை.