ஒரு நாளைக்கு மூன்று மாலை

மாலை வானத்தைச் சிவப்பாக்குவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, ஐயா. கம்ப்யூட்டரில் ஒரு பட்டை இருக்கும். வலது பக்கம் தள்ளினால் சிவப்பு, இடது பக்கம் தள்ளினால் நீலம். புதிதாக வருகிறவன் வானத்தை மட்டும் சிவப்பாக்கிவிட்டு நிழலைக் கறுப்பாகவே விட்டுவிடுவான். பார்த்ததும் பொய் என்று தெரிந்துவிடும். நிழலில் கொஞ்சம் நீலம் கலக்க வேண்டும். நான் ஐந்தாவது வரை படித்தவன். சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவனை, நிறம் பார்க்கத் தெரிகிறது என்று ஒரு கம்பெனி உள்ளே உட்காரவைத்தது. இன்னும் கட்டாத வீட்டைக் கட்டியதுபோல் படம் காட்டி விற்கிற கம்பெனி. பதினெட்டு வருடம் அந்த வீடுகளுக்கு வானம் வைத்தேன்.

நீங்கள் எழுதுவதைக் கடைசியில் படித்துக் காட்டுங்கள். நான் சொல்லாததையும் சேர்த்துவிடுவீர்கள்.

மனைவி படுத்த படுக்கையான பிறகுதான் இந்த வீட்டுக்கு வந்தோம். அவள் அறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். ஜன்னலை அடைத்து, அதில் ஒரு பெரிய டிவியைப் பொருத்தி, காலை, மாலை, இரவு என்று வானம் ஓடவிட்டேன். கண்ணில் புரை, அவளுக்கு நிறம் மட்டும்தான் தெரியும். ஜன்னல் என்றே நம்பினாள். நானும் திருத்தவில்லை.

ஒன்றை மட்டும் அவள் யாரிடமும் விடமாட்டாள்: இதய மாத்திரை. வானம் சிவந்ததும் தலையணைக்கு அடியிலிருந்து டப்பாவை எடுத்துத் தானே ஒன்று போட்டுக்கொள்வாள். வாரத்துக்கு ஏழு நான் நிரப்பி வைப்பேன். "ஒண்ணுக்கு மேல கூடாது. பார்க்கிறதெல்லாம் மஞ்சளாத் தெரிஞ்சா உடனே தூக்கிட்டு வாங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மகள் போன் செய்தாள். "அம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன்பா. பதினஞ்சு நாள்ல வர்றேன்."

"நானு?"

"வீடு சின்னதுப்பா. உங்க வாயை என் வீட்டுக்காரர் ஒரு நாள் தாங்கமாட்டார்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த மனைவியும் சிரித்தாள். அன்றிலிருந்து மாலையானால் விரல் மடக்கத் தொடங்கினாள். ஐம்பத்திரண்டு வருடம் கூட இருந்தவனை விட்டுப் போகிறோமே என்று ஒரு வார்த்தை இல்லை.

பதினைந்து மாலை போயும் மகள் வராவிட்டால் இவள் மனசு மாறும் என்று நினைத்தேன். ஒரு நாளைக்கு மூன்று மாலை வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

"பொழுது என்னங்க இப்படி ஓடுது?"

"படுத்தே கிடக்கிறவளுக்குப் பொழுது ஓடினா நல்லதுதானே."

மூன்றாம் நாள் டப்பாவை நீட்டினாள். "தீர்ந்துடுச்சு. அதுக்குள்ள ஒரு வாரம் போயிடுச்சு பாருங்க." டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நின்றேன். பிறகு ஏழு போட்டுக் கொடுத்தேன். கொடுக்காவிட்டால் சந்தேகப்படுவாள்.

நான்காம் நாள் சாப்பாடு இறங்கவில்லை. "வானம் ஒரே மஞ்சளா இருக்குங்க" என்றாள். மஞ்சளைக் குறைத்தேன். "இன்னும் மஞ்சள்தான்." நீலத்தைக் கூட்டினேன். வீடு வாங்க வருகிறவன் வானம் மஞ்சள் என்று குறை சொன்னால் பதினெட்டு வருடமாகச் செய்ததைத்தான் செய்தேன். கடைசியில் டிவி முழுக்கக் கருநீலம். அவளுக்கு அப்போதும் மஞ்சள். டாக்டர் சொன்னது ஞாபகம் வரவில்லையா என்கிறீர்கள். வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் யாரிடமாவது தேதி கேட்பாள்.

ஐந்தாம் நாள் பதினைந்தாவது மாலை. வாசல் பக்கமே காதை வைத்துக் கிடந்தாள். பிறகு என் கையைப் பிடித்து, "அவ வரமாட்டா. எனக்கு நீங்கதான்" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். கேட்க நன்றாக இருந்தது. மறுநாளும் டப்பாவை நிரப்பி, மூன்று முறை வானத்தைச் சிவக்க வைத்தேன். மூன்று முறையும் சொன்னாள். கடைசி முறை சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. பிறகு விடிய வைத்துப் பார்த்தேன். எழவில்லை.

நான் விஷம் வைத்தேன் என்று மகள் உங்களிடம் புகார் கொடுத்திருக்கிறாளாம். ஒரு மாத்திரைகூட நான் அவள் வாயில் போட்டதில்லை. எழுதிக்கொள்ளுங்கள்: பதினைந்து நாள் காத்திருந்தாள், பெற்ற மகள் வரவில்லை, அந்த ஏக்கத்தில்தான் போனாள்.